செப்பேடும் செப்புக் கிடாரமும்: கல்முனைக் கரையோர அடுக்களைப் பொருள்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

செப்பேட்டிற்குரிய உலோகமும் செப்புக் கிடாரத்திற்குரிய உலோகமும் ஒன்றே. முன்னையதில் நான்கு வரி எழுத்து இருப்பின் அதனை வாசிக்க அறிஞர் வருவர், படியெடுத்துப் பதிப்பிப்பர், ஒரு மன்னனின் ஆட்சியாண்டு பற்றி இரு தலைமுறைக்கு வாதிடுவர். பின்னையது அடுக்களை மூலையிற் கிடந்து, ஒருநாள் பழைய உலோகம் வாங்க வருபவரின் தராசில் ஏறிவிடும். அங்கு அதற்குள்ள மதிப்பு கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்பது மட்டுமே. கீழைக்கரையின் வரலாறு பற்றி எழுதியோர் அரசரையும் ஆலயங்களையும் குடிகளின் உரிமைகளையும் பற்றி விரிவாகவே எழுதியுள்ளனர். எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இற் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மிய'மும், வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழக'மும் இத்துறையில் இன்றும் தவிர்க்கவொண்ணாத நூல்கள். ஆயினும் வீட்டின் பின்புறத்தே, அடுப்பருகே நிகழ்ந்த வரலாறு ஏட்டில் ஏறியது குறைவு. அது பாத்திரங்களிலேயே எழுதப்பட்டுள்ளது. அவற்றைத் தேடுவதும் பழுதுபார்ப்பதும் வெறும் பழம்பொருள் மோகத்தின் பாற்பட்டனவல்ல என்பதற்கு, அம்பாறை மாவட்டத்தின் கரையோர முஸ்லிம் ஊர்கள் நல்லதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றன.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என வடக்கிலிருந்து தெற்காகத் தொடரும் இவ்வூர்கள், கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் அமைந்தவை. இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு முதலான தமிழ்க் கிராமங்கள் உள்ளன. போர்த்துக்கேயரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் ஏறத்தாழ நாலாயிரம் பேரைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்பர் வரலாற்றாசிரியர். அதன் பின்னரும் இக்கரைக்கும் மலைநாட்டுக்கும் இடையே முஸ்லிம் வணிகரின் தவள மாடுகள் உப்பும் கருவாடும் சுமந்து சென்றன. பாக்கும் பிற மலைநாட்டுப் பொருள்களும் சுமந்து திரும்பின. கண்டி நாட்டுக் கன்னாரின் தொழில்திறனை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூலில் விரித்துரைத்துள்ளார். அவர்தம் உலோகப் பாண்டங்களுட் சிலவும் இவ்வணிக வழியே கரையோரத்தை அடைந்திருத்தல் கூடும். இம்மாவட்டம் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமானது 1961இலேதான். ஆகவே இவ்வூர்களின் பழம்பொருள்களை 'அம்பாறைப் பொருள்கள்' என்பதைவிடத் தென்மட்டக்களப்புப் பொருள்கள் என்பதே வரலாற்று முறைக்கு ஒத்ததாகும்.

இக்கரையில் அடுக்களைப் பொருள்களுக்குத் தனிச்சிறப்பு ஏற்பட்டமைக்குக் காரணம் வீடு பற்றிய வழக்கமாகும். இங்கு தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடி என்பது தாய்வழியே வருவது. வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது. மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து வாழ்வான். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர், அடுத்த மகளுக்கென அருகிலேயே வேறொரு வீட்டை அமைத்துக் குடிபோவதும் உண்டு. அக்கரைப்பற்றைக் களமாகக் கொண்டு 1969 முதல் ஆய்வு நிகழ்த்திய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளியிட்ட தமது பெருநூலில் இவ்வமைப்பை நுணுகி ஆராய்ந்துள்ளார். ஆண் பெயரன்றிப் பெண் பெயரில் வீடு நிற்குமிடத்து, அவ்வீட்டின் உரலும் அம்மியும் வட்டாவும் படிக்கமும் பெண்ணிலிருந்து பெண்ணுக்கே போகின்றன. பிற பிரதேசங்களில் மருமகள் ஒருத்தி புதிதாக வந்து மாமியின் பாத்திரங்களைக் கையேற்பாள். இங்கோ தாய் புழங்கிய அகப்பைக் கூட்டையே மகளும் புழங்குவாள். எனவே ஒரு பித்தளைக் குடம் எவ்வெவ்வீடுகளைக் கடந்து வந்தது என்று கேட்பதும், அக்குடும்பத்தின் தாய்வழி வரலாற்றைக் கேட்பதும் ஏறத்தாழ ஒன்றேயாகின்றன. காணி உறுதிகள் வீட்டின் கைமாற்றத்தைக் கூறும். அவ்வீட்டில் எத்தனை பேர் உண்டனர், எதனை உண்டனர், வரவு குறைந்த காலத்தில் எதனை ஒட்டவைத்து உபயோகித்தனர் என்பனவற்றை உறுதிகள் கூறமாட்டா.

ஒட்டவைத்தல் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பழைய அடுக்களைப் பொருள்கள் பழுதுபார்க்கப்படுதற்கென்றே செய்யப்பட்டவை. அம்மி தேய்ந்தால் உளிகொண்டு கொத்துவிப்பர். திருவலையின் பல் மழுங்கினால் அரம்கொண்டு தீட்டுவர்; பலகை உளுத்தால் பலகையை மட்டும் மாற்றி, பழைய இரும்பு நாக்கையே மீண்டும் பொருத்துவர். இவற்றுள் மிக நுட்பமானது செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் தொழில். புளியும் எலுமிச்சையும் சேர்ந்த உணவு செம்பிற் படுமாயின் உலோகம் கரைந்து நஞ்சாகும். அதனைத் தடுக்க உட்புறத்தே வெள்ளீயப் படலம் ஒன்று வேண்டும். பாத்திரத்தை மணலும் புளியும் இட்டுத் தேய்த்து, களிம்பு நீக்கி, கரியடுப்பிற் சூடாக்குவர். சூடேறியதும் நவச்சாரப் பொடியைத் தூவுவர். வெண்புகை எழும், உலோகத்தின் மேலுள்ள மாசு அகலும். பின்னர் வெள்ளீயத் துண்டொன்றை உள்ளே தேய்க்க, 232 பாகை செல்சியசில் அது உருகி ஓடும். துணியாலோ பஞ்சாலோ விரைந்து துடைத்தால், கண்ணாடி போன்ற மென்படலம் பரவி நிற்கும். கை சற்றுத் தாமதித்தால் ஈயம் கட்டியாகும். சூடு மிகுந்தால் படலம் கருகும். இத்தனை கவனமும் ஒருசில நிமிட வேலைக்காக.

இப்படலம் புழக்கத்தில் தேயும். ஆகவே ஈயம் பூசுதல் மீண்டும் மீண்டும் செய்யவேண்டிய தொழில். கந்தூரிகளிலும் கலியாண வீடுகளிலும் சோறாக்கும் பெருங்கிடாரங்களைப் பொறுத்தவரை இது கட்டாயமாகும். கல்முனைக்குடியில் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகை நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நிகழும் கடற்கரைப் பள்ளி போன்ற இடங்களில், நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே வேளையில் உணவு சமைப்பதென்றால் சிறு சட்டிகளால் ஆகுமா? வாய் அகன்ற செப்புக் கிடாரத்தின் உட்புறத்தைக் கூர்ந்து நோக்குவோருக்கு மீண்டும் மீண்டும் ஈயம் பூசிய தடங்கள் புலப்படக்கூடும். மரத்தின் வளையங்கள் போல அவற்றை எண்ணிவிட இயலாதெனினும், ஒரு பாத்திரம் நெடுங்காலம் பேணப்பட்டதா, ஒருமுறை பூசிக் கைவிடப்பட்டதா என்பதை அவை ஓரளவு உணர்த்தக்கூடும். அடிப்புறத்தில் வைத்துத் தைத்த செப்பு ஒட்டுகளும், காதிற் புதிதாக அறைந்த ஆணிகளும் அத்தகைய சான்றுகளே.

வெள்ளீயம் விலையேறிய காலங்களிற் காரீயம் கலந்து பூசுவதும் நிகழ்ந்துள்ளது. உலகின் பல பாகங்களிலும் இம்மோசடி உண்டு. கலப்பீயம் தாழ்ந்த வெப்பத்திலேயே, சில விகிதங்களில் 183 பாகையிலேயே, உருகத் தொடங்குமாதலின் வேலை இலகு, விலையும் குறைவு. ஆனால் காரீயம் உடலிற் சேர்ந்து குழந்தைகளின் மூளையைப் பாதிப்பது. எனவே பழைய பாத்திரமொன்றைக் கண்டெடுத்து அதிலே சமைக்க விரும்புவோர், உள்ளிருக்கும் பூச்சைச் சோதியாது சமைத்தல் கூடாது. 'பழையதெல்லாம் நல்லது' என்ற எண்ணம் அடுக்களை வரலாற்றில் அபாயகரமானது.

செம்பையும் பித்தளையையும் ஓரங்கட்டியது அலுமினியம். 1886இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் ஹோலும் பிரான்சில் போல் எரூவும் தனித்தனியே கண்டறிந்த மின்பகுப்பு முறை, அதுவரை வெள்ளியைப்போல் மதிக்கப்பட்ட அவ்வுலோகத்தை மலிவாக்கிற்று. சென்னைக் கலைப் பள்ளியில் அல்பிரட் சாட்டர்டன் 1898இல் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். 1900இல் அங்கே இந்திய அலுமினியக் கம்பனி தோன்றிற்று. செம்பைவிட மூன்றிலொரு பங்குக்கும் குறைந்த எடை, ஈயம் பூசவேண்டிய தேவையில்லை, விலை குறைவு. ஏழை வீட்டுப் பெண்ணின் இடுப்பிலிருந்து குடத்தின் பாரத்தை இறக்கிய பெருமை அலுமினியத்துக்கு உரியது. அதனைப் பழம்பொருள் ஆர்வலர் மறத்தல் நேர்மையன்று. ஆயின் அலுமினியப் பாத்திரம் நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாமேயன்றி, ஓட்டை விழுந்தால் எளிதிற் பற்றவைக்க இயலாது. அதன்பின் எவர்சில்வரும் பிளாத்திக்கும் வந்தன. பாத்திரம் பழுதுபார்க்கப்படும் பொருளாக இருந்த நிலை மாறி, மாற்றப்படும் பொருளாயிற்று. ஈயம் பூசுவோர் தெருவில் வருவது அருகியது. தொழில் மறைந்ததும் பாத்திரமும் பயனிழந்தது. பூச்சுத் தேய்ந்த கிடாரத்தில் எவரும் சமைக்கத் துணியாராதலின், அது பரணுக்கும் பின்னர் தராசுக்கும் சென்றது.

இனி, இயந்திர நுட்பம் சார்ந்த அடுக்களைச் சாதனங்களை நோக்குமிடத்து, முதலிடம் பெறுவது அழுத்த மண்ணெண்ணெய் அடுப்பாகும். 1892இல் சுவீடன் நாட்டின் ஸ்டொக்ஹோம் நகரில் பிரான்ஸ் வில்ஹெல்ம் லின்ட்குவிஸ்ட் என்பவர் ஆக்கிய 'பிரைமஸ்' அடுப்பே இவ்வகையின் மூலம். பித்தளைத் தொட்டியிலுள்ள எண்ணெய், கைப்பம்பின் காற்றழுத்தத்தால் மேலேறி, முன்னரே சூடாக்கப்பட்ட எரிமுனையில் ஆவியாகி, ஊசித்துளை வழியே சீறி, காற்றோடு கலந்து நீலச் சுவாலையாய் எரியும். புகையில்லை, கரியில்லை, 'உஸ்' என்ற ஓயாத இரைச்சல் மட்டுமே உண்டு. 1911இல் தென்துருவத்தை அடைந்த ரோல்ட் அமுண்ட்சனின் குழுவினரும் இவ்வடுப்பையே கொண்டு சென்றனர். பனிப்பாலைக்கும் கொழும்புத் தேநீர்க் கடைக்கும் ஒருசேரப் பொருந்திய கருவி அது. இலங்கைத் தமிழில் மண்ணெண்ணெய் அடுப்பைக் 'குக்கர்' என்றே வழங்குவர். தமிழகத்தில் அச்சொல் சோறு வேகும் மூடிய பாத்திரத்தைக் குறிக்க, இங்கே அது அடுப்பையே குறித்தமை, அடுப்பு ஒரு பொறியாக வீட்டினுள் நுழைந்த காலத்தின் சொற்சுவடாகும்.

பிரைமஸ் தோன்றிய அதே 1892இல், கல்முனைக்குத் தெற்கேயுள்ள காரைதீவிற் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். ஆண்டொப்புமை தற்செயலானதே. எனினும் ஒன்று நினைக்கத்தக்கது. வழக்கொழிந்த யாழை, சிலப்பதிகாரம் முதலிய நூல்களின் துணைகொண்டு அவர் மீட்டெடுத்தார். அவ்வாய்வு 1947இல் 'யாழ் நூல்' ஆக வெளிவந்தது. நரம்பும் கோடும் பத்தரும் பற்றிப் புலவர் எழுதி வைத்தமையால் அது இயல்வதாயிற்று. இடியப்ப உரலின் துளைகள் எத்தனை, கிடாரத்தின் வாய்க்கும் வயிற்றுக்கும் உள்ள விகிதம் யாது என எந்தப் புலவனும் எழுதவில்லை. உலக்கைப் பாட்டாகிய வள்ளை இலக்கியத்தில் இடம்பெற்றது; உலக்கையின் பூண் இடம்பெறவில்லை. யாழ் அழிந்தும் நூலால் மீண்டது. அடுக்களைப் பொருளுக்கு நூல் இன்மையால், பொருள் அழிந்தால் அதன் வரலாறும் உடனழியும்.

அவ்வழிவு இக்கரையில் இருமுறை பெருமளவில் நிகழ்ந்தது. 1978 நவம்பர் 23ஆந் திகதி கிழக்கிலங்கையைத் தாக்கிய சூறாவளி கூரைகளைப் பிடுங்கியெறிந்தது; தென்னைகளை முறித்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி வந்த கடற்கோள் அதனினும் கொடிது. இலங்கையில் மிகக் கூடிய உயிரிழப்பைச் சந்தித்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களிற் கரையை அடுத்த வரிசைகள் அத்திவாரத்தோடு அள்ளுண்டன. மகளுக்கென்று தாய் கட்டிய வீடும், அவ்வீட்டோடு வந்த பொருள்களும், பல இடங்களில் அவற்றை அறிந்த பெண்களும் ஒருங்கே போயினர். அந்நேரத்திற் பாத்திரங்களைப் பற்றிப் பேசுவது பொருந்தாதென்பது உண்மை. ஆயினும் பின்னர் நிவாரணமாக வந்தவை ஒரே அச்சில் வார்த்த அலுமினியச் சட்டிகளும் பிளாத்திக் வாளிகளும் ஆதலின், மீளக் கட்டப்பட்ட வீடுகளின் அடுக்களைகள் முன்னில்லாத வகையில் ஒன்றுபோலாயின.

கடல்நீரில் மூழ்கி மணலிற் புதைந்து மீண்ட செப்புப் பாத்திரங்களுக்கு வேறொரு நோயும் உண்டு. உப்பிலுள்ள குளோரைட்டு உலோகத்தினுள் தங்கி, ஈரக்காற்றுப் பட்டவுடன் வெளிர்பச்சைப் பொடியாகப் பூக்கும். சுரண்டி எடுத்தாலும் மீண்டும் பூக்கும். இதற்குப் புளியும் சாம்பலும் மருந்தாகா. சோடியம் செஸ்குவிகார்பனேட்டுக் கரைசலில் வாரக்கணக்காக ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் குளோரைட்டை வெளியேற்றுதலே நூதனசாலைகள் கையாளும் முறை. பித்தளைக்கு அமோனியா பகை. பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்திற் குதிரை இலாயங்களருகே வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடித்துப் பிளந்தமையிலிருந்து இப்பகை கண்டறியப்பட்டது. 1921இல் அதன் காரணம் விளக்கப்பட்டது. வயற்செய்கை மிகுந்த இவ்வூர்களில், யூரியா மூட்டையும் பழைய பித்தளைக் குடமும் ஒரே களஞ்சிய அறையில் இருத்தல் நன்றன்று. கடையில் விற்கும் மெருகுத் திரவங்களுட் சிலவற்றிலும் அமோனியா உண்டென்பதை அறிந்தோர் சிலரே.

மூன்றாவது அதிர்ச்சி அழிவாக வரவில்லை, மீட்பாகவே வந்தது. 2021இன் இறுதியில் இலங்கையெங்கும் சமையல் எரிவாயுச் சிலிண்டர்கள் தொடர்பான வெடிப்புகள் மக்களை அஞ்சச் செய்தன. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியதும் எரிவாயுவே கிடைக்காமற்போயிற்று. நாடெங்கணும் மக்கள் பரணிலிருந்து மண்ணெண்ணெய் அடுப்புகளை இறக்கினர். முற்றத்தில் மூன்று கல் வைத்தனர். ஆண்டுக்கணக்கிற் கிடந்த அழுத்த அடுப்பில் முதலிற் பழுதாவது பம்பினுள் உள்ள தோல் வாசர். அது உலர்ந்து சுருங்கினால் காற்று நில்லாது. எண்ணெயில் ஊறவைத்து விரித்தாலே பெரும்பாலும் உயிர்பெறும். வெடித்திருந்தால் தோற்றுண்டொன்றை வட்டமாக வெட்டிப் பொருத்தினால் போதும். அடுத்தது ஊசித்துளையின் அடைப்பு. மெல்லிய கம்பியொன்றே அதற்குக் கருவி. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன் வகுத்த பொறியொன்று ஒரு துண்டுத் தோலால் மீண்டும் இயங்கும் எனின், அதனை ஆக்கியோர் பழுதையும் முன்னறிந்தே ஆக்கினர் என்பது தெளிவு. ஆனால் இம்மீட்பு நீடிக்கவில்லை. 2022 ஆகத்து மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அடுப்புச் செப்பமாயிருந்தும் எரிப்பதற்கு எண்ணெய் வாங்க இயலாத நிலை உண்டாயிற்று. எரிவாயு திரும்பியதும் குக்கர்கள் மறுபடியும் பரணேறின.

பழம்பொருள்களைத் தேடிப் புதுக்குவோர் இன்று பெருகி வருகின்றனர். அவர்களிடையே காணப்படும் பெருங்குறை பளபளப்பின் மீதுள்ள விருப்பமாகும். பழைய வட்டாவைப் பொன்போல் மினுங்கச் செய்து வரவேற்பறையில் வைக்கின்றனர். இயந்திரத் தூரிகையின் கீழ்ப் போவது அழுக்கு மட்டுமன்று. புள்ளிப்புள்ளியாக உளியால் வெட்டிய பெயரும் தேய்ந்துபோகும். பாத்திரங்களிற் பெயர் வெட்டுவிக்கும் வழக்கம் இலங்கையிலும் தமிழகத்திலும் பரவலாயிருந்தது. கலியாண வீட்டுக்கு இரவல் போன பாத்திரம் உரியவரிடம் திரும்புவதற்கென ஏற்பட்ட அவ்வெழுத்தே, பல பெண்களின் பெயர் உலோகத்திற் பொறிக்கப்பட்ட ஒரேயிடமாகவும் இருக்கக்கூடும். அதனைத் தேய்த்தழிப்பது செப்பேட்டைத் தேய்த்தழிப்பதனின்று எவ்வகையில் வேறாகும்? சமைப்பதற்கு வேண்டுமெனின் உட்புறத்துக்குத் தூய வெள்ளீயம் பூசுவிக்கலாம். வெளிப்புறத்தைத் தண்ணீரும் மென்துணியும் கொண்டு துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பழைய ஒட்டுகளைப் பிடுங்கிப் புதுத்தகடு வைத்தல் தேவையற்றது.

மட்டக்களப்பு மாவட்டத்தின் காத்தான்குடியில் 2015இல் திறக்கப்பட்ட பூர்வீக நூதனசாலை, கீழைக்கரை முஸ்லிம்களின் புழங்குபொருள்களுக்கு ஓரிடம் அளித்துள்ளது. ஒலுவிலில், 1995இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1996இல் முழுமை பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இவ்வூர்களின் நடுவிலேயே அமைந்துள்ளது. அதன் மாணவருட் பலரின் உம்மம்மாவின் அடுக்களை நடைதூரத்தில் உண்டு. நூதனசாலைக் கண்ணாடிப் பேழையில் 'பித்தளை, விட்டம் இத்தனை அங்குலம்' என்றெழுதிய சீட்டு, பொருளின் உடலை மட்டுமே கூறும். எந்த வீட்டில் இருந்தது, எந்த மகளின் சீதனத்தோடு எந்த வளவுக்குப் போனது, இறுதியாக ஈயம் பூசியவர் எவ்வூரார், கடற்கோளின்போது எங்கு கண்டெடுக்கப்பட்டது என்பன அச்சீட்டின் மறுபுறத்தில் எழுதப்படவேண்டியவை. பரணிலிருந்து குக்கரை இறக்கிய கையோடு அதன் கதையையும் கேட்டு எழுதுதற்கு ஒரு கொப்பியும் ஒரு பிற்பகலுமே தேவை. கிடாரத்துக்குக் கடைசியாக ஈயம் பூசக் கண்டவர்கள் இன்று எழுபதைக் கடந்த பெண்கள்.